'டேக்' என்ற சோம்பேறிச் சொல்

'டேக்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போல ஒரு சோம்பேறிச் சொல்லை நான் கண்டதில்லை. பஸ்ஸில் ஏறுவதும் அதுதான், குளிசை விழுங்குவதும் அதுதான். படம் பிடிப்பது, சோதினைக்கு இருப்பது, ஒரு மனிதரை ஓரிடத்துக்குக் கூட்டிப்போவது, ஒரு பெட்டியைத் தூக்கிப்போவது எல்லாமே அதுதான். இங்கிலீசுக்காரன் ஒரே அகப்பையால் சோறும் குழம்பும் பாயசமும் அள்ளிப் போடுகிறான். பிரெஞ்சுக்காரன் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கரண்டி வைத்திருக்கிறான். இதைக் குணலட்சுமிக்கு விளங்கப்படுத்தத்தான், எழுபத்தொன்பதாம் ஆண்டு வைகாசி வெயிலில், கிழமைக்கு இரண்டு நாள் உடுவிலிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், அங்கே இன்னொரு பஸ் மாறி அரியாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

குணலட்சுமி என் தம்பி கதிரவேலுக்குப் பேசி முடித்த பெண். தம்பி பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அங்கே இருக்க அனுமதி கிடைத்துவிட்டது, ஆவணியில் வருவான், கட்டுவான், திரும்பும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போவான் என்பது ஏற்பாடு. போகிற பெண்ணுக்கு நாலு வார்த்தையாவது தெரிய வேண்டாமா? இரண்டு வீட்டிலும் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் நான். எங்கள் பரம்பரையிலேயே முதல் பட்டதாரியும் நான்தான். களனியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படித்துவிட்டு வந்து, நியமனக் கடிதத்துக்காக இரண்டு வருடமாய்த் தபால்காரனின் மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவள். சும்மா இருக்கிறதுக்கு இதையாவது செய் என்றார் அம்மா. செய்தேன்.

உண்மையைச் சொன்னால், விருப்பத்தோடுதான் செய்தேன். தம்பி சீதனம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தான். அவன் பேசி அனுப்பிய கசெற்றில் அதை நானே என் காதால் கேட்டேன். "சீதனம் கீதனம் ஒண்டும் வேண்டாம் அம்மா, பொம்பிளையைத் தந்தால் போதும்." எங்கள் ஒழுங்கையில், எந்த வீட்டிலும், இப்படி ஒருவன் சொன்னதே கிடையாது. நான் இதைச் சொல்லாத ஆள் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடச் சொல்லியிருப்பேன். சீதனத்துக்கு எதிராய் நான் ஒன்பது வருடமாய் வீட்டில் கத்தியதில் பாதியாவது அவன் காதில் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன்.

குணத்துக்கு இருபது வயது. ஏ.எல். சோதினையை இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் தவறவிட்டவள். மக்கு இல்லை, அவசரக்காரி. விறாந்தையில் மேசையைப் போட்டு, கொப்பியைத் திறந்து, பேனையை வாயில் வைத்துக்கொண்டு இருப்பாள். முதல் நாள் என்னை அக்கா என்றாள். உடனே குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அவளுடைய தாய் சிவக்கொழுந்து மாமியின் குரல் வந்தது. "அக்கா எண்டு கூப்பிடாதை பிள்ளை. மச்சாள் எண்டு சொல்லிப் பழகு." அன்றிலிருந்து நான் மச்சாள்.

"எழுது. ஒரு சாமானைக் கையாலை எடுக்கிறது ப்ராந்த்ர்."

"பஸ் எடுக்கிறது?"

"அதுவும் ப்ராந்த்ர்தான்."

"குளிசை?"

"அதுவும்."

"அப்ப ஒண்டுதானே மச்சாள். என்னத்துக்கு இவ்வளவு பயப்பிடுத்தினனீங்கள்?"

"பொறு. சோதினை எடுக்கிறதெண்டால் பாசே."

பேனை வாயிலிருந்து வெளியே வந்தது. "எடுத்தாலே பாசோ?"

"இல்லை. போய் இருந்து எழுதினால் பாசே. பாஸ் பண்ணுறதுக்கு வேற சொல்லு."

"எனக்கு இந்தச் சொல்லே போதும். பாரிசிலை பிறந்திருந்தால் நான் இரண்டு முறை பாசே."

வகுப்பு எடுப்பதற்குப் பிரெஞ்சில் 'பின்னால் போவது' என்று பொருள்படும் சொல் என்றேன். "ஓம், என்ரை வகுப்பிலை கனபேர் அப்பிடித்தான்" என்றாள். தொப்பியைக் கழற்றுவதற்கு ஒரு சொல். ஒரு மணித்தியாலம் எடுக்கும் என்பதற்கு இன்னொரு சொல், அதில் நேரத்தை எடுப்பதில்லை, வைக்கிறார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கடைசியில்தான் நான் கஷ்டம் என்று நினைத்திருந்த இடத்துக்கு வந்தேன்.

"இப்ப கவனமாய்க் கேள். ஒருத்தரை ஒரு இடத்துக்கு 'டேக்' பண்ணுறதெண்டால் ஆம்னே. ஒரு சாமானை 'டேக்' பண்ணுறதெண்டால் ஆம்போர்த்தே. மாறிச் சொன்னியெண்டால் சிரிப்பினம்."

அவள் யோசிக்கவேயில்லை. "இதிலை என்ன இருக்கு? ஆளெண்டால் கூட்டிக்கொண்டு போறது, சாமானெண்டால் கொண்டுபோறது. ஆளைக் கொண்டுபோறதெண்டால் அது பிரேதம்."

நான் களனியில் இரண்டு தவணை மண்டையை உடைத்துப் படித்ததை அவள் ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். "இங்கிலீசுக்காரன்தான் ஆளுக்கும் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாத மோடன்" என்றும் சேர்த்துக்கொண்டாள். எனக்கு அன்றைக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது. என்னுடைய அகராதியை, களனியில் மதியச் சாப்பாட்டை விட்டுச் சேர்த்து வாங்கியதை, வைத்துப் படி என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

குணத்தின் அண்ணன் தில்லைநாதன். முப்பத்தைந்து வயது, கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜர். நான் போகிற நாளெல்லாம் அவரும் வீட்டில் இருப்பார். விறாந்தையின் மற்றக் கரையில் சாய்மனைக் கதிரையில் பேப்பர் வாசிப்பார். பாடம் முடியும்வரை பக்கம் மாறாது. கடைக்கு லீவு அதிகம் போலும் என்று நினைத்தேன். ஒரே ஒரு நாள்தான் என்னோடு கதைத்தார்.

"கட்லெற்றுக்குப் பிரெஞ்சிலை என்ன சொல்லுறது?"

"கோத்லெத்."

"ஓ" என்றார். "கிட்டத்தட்ட அதுதான்."

பிறகு பேப்பருக்குள் போய்விட்டார். சிவக்கொழுந்து மாமி பால்கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்ப்பார்.

"பிள்ளை, நீர் புட்டு அவிப்பீரோ?"

"ஆரும் அவிச்சுத் தந்தால் சாப்பிடுவன் மாமி."

மாமி அளவுக்கு மிஞ்சிச் சிரித்தார். "அதுக்கென்ன. இஞ்சை அவிக்க ஆளிருக்கு."

என்னைப் போலப் படித்த மடைச்சி யாழ்ப்பாணத்தில் இருக்கமாட்டாள். நான் அந்த வீட்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தேன். அந்த வீடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனி மாதக் கடைசியில், ஆடி பிறக்குமுன் கலியாணக் கூறைச் சேலை எடுத்துவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாய் நின்றார். கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டின் வேலை. அதனால் நானும் அம்மாவும் யாழ்ப்பாணப் பெரியகடைத் தெருவில் ஒரு புடவைக் கடைக்குப் போனோம். சிவக்கொழுந்து மாமியும் குணமும் அங்கே வந்திருந்தார்கள். நிறம் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பாயில் வெள்ளைத் துணி விரித்து, கடைக்காரப் பையன் கூறைகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டான். அரக்கு நிறத்தில் ஒன்றைக் குணம் தொட்டுப் பார்த்தாள், தொட்ட கையை எடுக்கவில்லை. அதுவே முடிவாயிற்று. அம்மா தலையை ஆட்டினார். பையன் மடித்து ஒரு பக்கம் வைத்தான்.

நான் எழும்பப் போனேன்.

"இரும் பிள்ளை" என்றார் மாமி. "தம்பி, இனி எங்கடை பக்கம். மற்றதை எடுத்துப் போடும்."

பையன் இன்னொரு கட்டை அவிழ்த்தான். மாமி அதில் ஒன்றை உருவி, விரித்து, என் தோளில் போட்டார். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துப் பார்த்தார். "பிள்ளை மாநிறம். உந்தப் பச்சைக் கரை எடுப்பாய் இருக்கும்."

"என்ரை தோளிலை ஏன் மாமி போடுறியள்? குணத்துக்குத்தான் எடுத்தாச்சே."

மாமி என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா பாயில் கிடந்த ஒரு கூறையின் முந்தானைத் தும்பை, வாழ்நாளில் தும்பையே காணாதவர்போல, விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"ஞானாம்பிகை, நீர் பிள்ளைக்குச் சொல்லேல்லையோ?"

அம்மா தும்பை விடவில்லை. பதில் சொன்னது கடைக்காரப் பையன். "மாற்றுக் கலியாணமோ அம்மா? அப்ப இரண்டு கூறையும் ஒரே விலையிலை எடுங்கோ. பிறகு கதை வராது."

மாற்றுக் கலியாணம் என்றால் எங்கள் பக்கத்தில் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. ஒரு வீட்டு ஆணும் பெண்ணும் மற்ற வீட்டுப் பெண்ணையும் ஆணையும் கட்டுவது. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. இரண்டு பக்கமும் பெண் போவதால் சீதனம் கழிபட்டுப் போகும். யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கவேண்டியதில்லை. அப்போதுதான் தம்பியின் முற்போக்கு எந்தக் கிணற்றில் ஊறியது என்று விளங்கியது. அவன் சீதனம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சீதனம் நான். அதை நானே ஊர் முழுக்கப் பெருமையாய்ச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

"வேற கரையிலையும் இருக்கு அக்கா" என்றான் பையன்.

"எந்தக் கரையும் வேண்டாம் தம்பி."

கூறையைத் தோளிலிருந்து எடுத்து, மடிப்புக் குலையாமல் மடித்து, பாயில் வைத்தேன். அவன் பாவம், அவனுக்கென்ன தெரியும். குணத்தைப் பார்த்தேன். அவள் வாய் திறந்தபடி இருந்தது. "உங்களுக்குத் தெரியாதோ மச்சாள்?" என்றாள். தெரிந்துதான் போகிறேன் என்று அவள் நினைத்திருந்தாள். அந்தக் கடையில் தெரியாமல் இருந்தவள் நான் ஒருத்திதான்.

நான் கடையிலிருந்து எழும்பி ஓடி, தனியாக பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன், அம்மா அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தார். கையில் குணத்தின் கூறைப் பார்சல் இருந்தது. அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். அப்பா நமசிவாயம் முற்றத்தில் இருந்து வெங்காயத்தைப் பிடி கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பெரிய சண்டைகள் எல்லாம் வெங்காய மணத்தோடுதான் நடக்கும்.

"கடையிலை வைச்சு மானத்தை வாங்கிப்போட்டாய்."

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ வேண்டாமெண்டுவாய்."

"அதுதான் கேளாமல் விட்டியளோ?"

"கேட்டு, நீ வேண்டாமெண்டு சொன்னபிறகு எப்பிடியடி செய்யிறது?"

இதற்கு மேல் என்ன கேட்பது? சித்திரையில் அம்மா என் ஜாதகக் குறிப்பை எடுத்துக்கொண்டு சாத்திரியாரிடம் போனது நினைவுக்கு வந்தது. வேலை எப்போது கிடைக்கும் என்று பார்க்கப்போகிறேன் என்று சொல்லித்தான் வாங்கினார்.

"சாத்திரியாரிட்டைப் போனது வேலை பாக்கவோ, பொருத்தம் பாக்கவோ?"

"இரண்டுக்கும் ஒரே காசுதானே" என்றார் அம்மா. பிறகு குரல் மாறியது. "உனக்கு இருபத்தெட்டு. செவ்வாய் வேறை. வேலை வரும் வரும் எண்டு எவ்வளவு காலம் வாசல் படலையைப் பாக்கிறது? தம்பி ஓ.எல். ஓடை படிப்பை நிப்பாட்டினது ஆருக்காக? நீ களனியிலை புத்தகம் விரிச்சுக்கொண்டு இருக்கேக்கை இஞ்சை தோட்டத்துக்குத் தண்ணி மாறினது ஆர்? மிளகாய்க்கு மருந்தடிச்சுச் சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தது ஆர்? இப்ப அவன் குளிருக்கை நிண்டு ஆரின்ரையோ எச்சில் கோப்பை கழுவுறான். அவனுக்கு ஒரு பொம்பிளை எடுத்துக் குடுக்க உன்னாலை ஏலாதோ?"

கோபத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு, எதிரில் இருப்பவர் சொல்வது பொய்யாக இருக்கும்வரை அது தளராது. அம்மா சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. தம்பி படிப்பை நிறுத்திய அன்று, என்னுடைய தகரப் பெட்டியை அவன்தான் சைக்கிளில் கட்டிக்கொண்டு கோண்டாவில் ஸ்டேசனுக்கு வந்தான். அவனுக்கு நான் தரவேண்டியது இருக்கிறது, எனக்குத் தெரியும். அதற்காக என்னையே தூக்கிக் கொடுக்கவேண்டும் என்று மட்டும் எனக்குத் தெரியாது.

"அப்பா, நீங்கள் சொல்லுங்கோ."

அப்பா கையிலிருந்த பிடியை இறுக்கிக் கட்டி, நுனியைக் கடித்து எறிந்தார். "நான் அங்கை ஓமெண்டு சொல்லிப்போட்டன் பிள்ளை. எனக்கு நாக்கு ஒண்டுதானே."

"எனக்கும் ஒண்டுதானப்பா. நான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

அன்றே தம்பிக்குக் கசெற் பதிந்தேன். சுற்றி வளைக்கவில்லை. "சீதனம் வேண்டாமெண்டு சொன்ன வாயாலை மாற்றும் வேண்டாமெண்டு சொல்லு. குணத்தைச் சும்மா கட்டு. அவள் நல்ல பிள்ளை. நான் அதிலை ஒரு பங்குமில்லை." நான் பேசிக்கொண்டிருக்கையில் பின்னால் அம்மா, "அவள் சொல்லுறதைக் கேளாதை ராசா" என்று கத்தினார். அதுவும் பதிந்துவிட்டது. அழிக்கவில்லை. கேட்கட்டும் என்று அப்படியே அனுப்பினேன்.

அடுத்த பாட நாள் வந்தபோது அரியாலைக்குப் புறப்பட்டேன். சிவக்கொழுந்து மாமிக்கு நேரில் சொல்லவேண்டும். கடையில் எழும்பி ஓடினது மரியாதையில்லை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்கியதும், அரியாலை பஸ் நிற்கும் இடத்தில் தில்லைநாதன் நின்றார். கையில் பேப்பர் இல்லாமல் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இண்டைக்கு வீட்டை போகாதையும். அம்மா கொதிச்சுக்கொண்டு நிக்கிறா."

"அவவுக்குத்தான் சொல்ல வந்தனான்."

"தெரியும். அதுதான் நான் வந்தனான்." கொஞ்ச நேரம் வாழைக்குலை ஏற்றுகிறவர்களைப் பார்த்தார். "தேத்தண்ணி குடிப்பமோ?"

"வேண்டாம். சொல்லுறதைச் சொல்லுங்கோ."

"கோவிக்காதையும். எனக்கும் இதிலை பெரிய விருப்பமெண்டில்லை."

"கோவமில்லை. நல்லதாப் போச்சு. அதை உங்கடை அம்மாவுக்குச் சொல்லுங்கோ."

"நான் சொல்லேலாது. நான் சொன்னால் தங்கச்சியின்ரை வாழ்க்கையைக் கெடுத்தவன் எண்டு வரும். நீர்தான் சொல்லோணும்."

"நான் சொன்னால் என்னை என்ன சொல்லுவினம்?"

அவர் நேர்மையான மனிதர், அதை மறுக்கமாட்டேன். "உம்மைத் திமிர் பிடிச்சவள் எண்டு ஏற்கெனவே சொல்லுகினம். புதுசாய் ஒண்டும் வராது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. இருவரும் அந்த வெயிலில் நின்று சிரித்ததைப் பார்த்தவர்கள் சம்பந்தம் முற்றாகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"மாற்றில்லாமல் தங்கச்சியைக் குடுப்பியளோ?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. "எப்பிடிக் குடுக்கிறது? என்னை ஒருத்தி வேண்டாமெண்ட வீட்டுக்கே தங்கச்சியை அனுப்பினம் எண்டால் ஊருக்குள்ளை தலை காட்டேலுமோ? அம்மா விடமாட்டா." செருப்பால் நிலத்தைக் கிளறினார். "அவள்தான் பாவம். நித்திரையிலையும் உந்தப் பாசைதான் கதைக்கிறாள். ப்ராந்த்ர் ப்ராந்த்ர் எண்டு குசினிக்கை நிண்டு சொல்லுறாள். நீர் ஒருக்கா யோசிச்சுப் பாரும்."

"நீங்கள் யோசிச்சனீங்களோ?"

"நான் யோசிக்கிறேல்லை" என்றார். "அம்மா சொல்லுறதைச் செய்யிறது சுகம்."

அரியாலை பஸ் வந்தது. நான் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய், வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.

தம்பியின் கசெற் ஆடி நடுவில் வந்தது. பின்னால் கோப்பைகள் மோதுகிற சத்தம், யாரோ ஒருவன் பிரெஞ்சில் அவசரப்படுத்துகிற சத்தம். அம்மா, அப்பா, நான் மூவரும் றெக்கோடரைச் சுற்றி இருந்தோம்.

"அக்கா சொல்லுறதும் சரிதான்" என்றான். அம்மா நெஞ்சில் கை வைத்தார். "அம்மா சொல்லுறதும் சரிதான்." அம்மா கையை எடுத்தார். "அவையள் மாற்றில்லாமல் தருவினமெண்டால் தரட்டும். தராட்டில் நான் என்ன செய்யிறது? எனக்கெண்டு நான் கேக்கேல்லை அக்கா. வேலை முடிஞ்சு அறைக்கு வந்தால் கதைக்க ஒரு சீவன் இல்லை. ஒரு மனிசர் வீட்டிலை இருந்தால் போதும் போலை கிடக்கு. நீ படிச்சவள், நீயே ஒரு முடிவு சொல்லு."

இரண்டு பக்கமும் சரி என்று சொல்ல ஒருவன் பாரிசுக்குப் போயிருக்க வேண்டியதில்லை, எங்கள் முற்றத்தில் இருந்தே சொல்லியிருக்கலாம். அவன்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒன்பது வருடம் கத்திக் கத்தி நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது, கடைசியில் முடிவை என்னிடமே விடுவதற்கு. மாற்று இல்லை என்று பழைய முடிவையே சொன்னேன். அப்பா அரியாலைக்குப் போனார். பொழுதுபடத் திரும்பி வந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, "மாற்றில்லாமல் தரமாட்டினமாம். முடிஞ்சுது" என்றார். அதன்பிறகு அம்மா என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். சோற்றுக் கோப்பையைச் சத்தம் வருகிற மாதிரி வைப்பார், அவ்வளவுதான். குணத்தின் கூறை எங்கள் அலுமாரியிலேயே பூச்சி உருண்டை மணத்தோடு கிடந்தது.

ஆவணியில் தம்பி வரவில்லை. வந்தது குணம்.

பின்னேரம், படலையில் யாரோ தட்டினார்கள். திறந்தால், இரண்டு பஸ் மாறி வந்த புழுதியோடு நிற்கிறாள், தனியாக. நெஞ்சோடு அணைத்தபடி என்னுடைய அகராதி.

"உங்கடை புத்தகம் ரீச்சர். தரத்தான் வந்தனான்."

மச்சாள் போய்விட்டது. அக்காவும் இல்லை. ரீச்சர்.

"உள்ளுக்கு வா. அம்மா தோட்டத்திலை."

உள்ளே வந்தாள், இருக்கச் சொன்ன கதிரையில் இருக்கவில்லை. "எனக்கு உங்களிலை சரியான கோவம்."

"தெரியும்."

"ஒருக்கா என்னட்டை வந்து கதைச்சிருக்கலாம். எங்கடை அண்ணை அப்பிடியொண்டும் கூடாத மனிசன் இல்லை."

"கூடாத மனிசன் எண்டு நான் சொல்லேல்லை. நான் வேண்டாமெண்டு சொன்னது அவரையில்லை. மாற்றைத்தான்." நான் தொடர்ந்தேன். "உன்னைச் சும்மா கட்டச் சொல்லித் தம்பிக்குச் சொன்னனான். ஒரு சொல்லு அழுத்திச் சொல்ல அவனுக்கு நெஞ்சில்லை. அப்பிடிப்பட்டவன் உனக்கு வேண்டாம்."

"வேணுமோ வேண்டாமோ எண்டு நீங்களோ சொல்லுறது?"

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அது எனக்குப் பழக்கம்.

"உங்களைக் கேளாமல் உங்கடை அம்மா ஓமெண்டா. என்னைக் கேளாமல் நீங்கள் வேண்டாமெண்டுறியள். எனக்கு அந்த வீட்டை விட்டுப் போகோணும். ஆரோடை போறதெண்டாலும் எனக்குச் சரி. உங்களுக்குக் களனி கிடைச்சுது, போனியள். எனக்குக் கிடைச்சது உங்கடை தம்பி."

பட்டதாரிக்குப் பதில் தயாராக இருக்கவேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். நான் மேசையில் கிடந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டேன். வாசலில் கோழி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"நான் இப்ப ஓமெண்டு சொன்னால்?" என்று கேட்டேன். கேட்கும்போதே அது எவ்வளவு மலிவான கேள்வி என்று தெரிந்தது. எனக்கு ஓம் சொல்லும் எண்ணம் இல்லை.

அவளுக்கும் தெரிந்தது. "சொல்லமாட்டியள்" என்றாள். "சொன்னாலும் இனி எங்கடை அம்மா எடுக்கமாட்டா." அப்போதுதான் இருந்தாள். மடியில் இருந்த அகராதியைத் திறந்தாள். ஒரு பக்கத்தில் பஸ் ரிக்கற் அடையாளமாக வைத்திருந்தது. "தரமுன்னம் ஒண்டு கேக்கோணும். 'டேக்' இஞ்சை ஒரு முழுப் பக்கம் கிடக்கு. இதிலை ஒண்டு நீங்கள் சொல்லித்தரேல்லை. 'ஐ காண்ட் டேக் இட்' எண்டால் என்ன?"

"தாங்கேலாது எண்டு அர்த்தம்."

"அதுக்குப் பிரெஞ்சு?"

"சுப்போர்த்தே."

வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "ஏன் விட்டனீங்கள்?"

"கலியாணம் கட்டிப் போறவளுக்கு உது என்னத்துக்கு எண்டு விட்டனான்."

"அவளுக்குத்தான் உது முதல் வேணும்" என்றாள் குணம். என்னைவிட இரண்டு மடங்கு வயதானவள் மாதிரி இருந்தது குரல். அகராதியை மூடி மேசையில் வைத்தாள்.

"கொண்டு போ" என்றேன். "நீயே வைச்சிரு."

"எனக்குச் சும்மா ஒண்டும் வேண்டாம்."

"சும்மா இல்லை. கிழமைக்கு ஒருநாள் இஞ்சை வந்து படி. வேறை ஆருக்காகவும் இல்லை."

"எங்கடை அம்மா விடமாட்டா."

"இண்டைக்கு விட்டவவோ?"

அவள் அகராதியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அதை எடுத்தாளா, எடுக்கப்போகிறாளா என்று நான் பார்க்கவில்லை. சைக்கிளை எடுக்க வெளியே போனேன், கடைசி பஸ்ஸுக்கு முன் அவளைச் சந்தியில் விடவேண்டும். படலைக்கு அவள் வந்தபோது புத்தகம் அவளுடைய கக்கத்தில் இருந்தது.

"ஏறு."

பின் கரியரில் ஒருபக்கமாய் ஏறி இருந்தாள். ஒழுங்கையால் வெளியே வரும்போது தோட்டத்தில் நின்ற அம்மா நிமிர்ந்து பார்த்தார். கையை நெற்றியில் வைத்து, யார் என்று தெரிந்ததும், மறுபடி குனிந்துகொண்டார். மருதனார்மடம் சந்திவரை எதிர்க்காற்று. சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை, புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் செயின் முனகியது. அவள் என் இடுப்பைப் பிடிக்கவில்லை, சீற்றின் கம்பியைத்தான் பிடித்திருந்தாள்.

"பாரமோ?" என்றாள்.

"ஓம்."

"இறங்கி நடக்கட்டோ?"

"வேண்டாம்" என்றேன். "இரு."